'கிராப்' என்றால் விமானம் பக்கவாட்டில் நகர்வதா?

மொழிமேசை · 14 ஜூன், காலை 9.12

பயிற்சி விமானக் கையேடு ஒன்றைத் தமிழாக்கும் வேலை. பக்கக் காற்றில் இறங்கும் அத்தியாயத்தில் 'கிராப்' என்ற சொல் வினையாக வருகிறது. நண்டு என்ற பெயர்ச்சொல்லிலிருந்து வந்தது என்பதால் 'விமானம் நண்டுபோலப் பக்கவாட்டில் நகர்கிறது' என்று போட்டிருக்கிறது. அகராதிகளும் பக்கவாட்டு நகர்வு என்றுதான் பொருள் தருகின்றன. அடுத்த பக்கத்தில் 'ஸ்லிப்' வருகிறது. அதற்கும் 'பக்கவாட்டில் நகர்தல்' என்றே வந்து நிற்கிறது. இரண்டும் ஒன்றுதானா? ஒன்றுதான் என்றால் ஒரே சொல்லை வைத்துவிடலாம் என்பது என் கருத்து.

காற்றுப்பை · 14 ஜூன், காலை 10.05

ஒரே சொல்லை வைக்காதீர்கள். இரண்டும் நேர் எதிர். கையேட்டைப் படித்துப் பறக்கப் போகிறவர் குழம்பிவிடுவார்.

கிராப்பில் விமானம் காற்றுக்குள் பக்கவாட்டில் நகர்வதே இல்லை. இறக்கைகள் மட்டமாக இருக்கும். ரட்டர் (வாலில் நிற்கும் திசைப்பலகை) பெடலைப் பிடித்து மிதித்துக்கொண்டிருக்க வேண்டாம். பேனலில் வளைந்த கண்ணாடிக் குழாய்க்குள் இருக்கும் கறுப்புக் குண்டு நடுவில் நிற்கும். மூக்கு எங்கே நோக்குகிறதோ அங்கிருந்துதான் காற்று வந்து மோதும். ஜன்னலை மறைத்துவிட்டால், கிராப்பில் போகிறோமா நேராகப் போகிறோமா என்று உடம்பால் உணர முடியாது. பக்கமாக நகர்வது காற்று மண்டலம். அது விமானத்தையும் சேர்த்துக் கொண்டுபோகிறது. அந்த நகர்வைச் சரிக்கட்ட மூக்கைக் காற்று வரும் பக்கம் கொஞ்சம் திருப்பி வைக்கிறோம். தரையிலிருந்து பார்ப்பவருக்குத்தான் விமானம் கோணலாக வருவதுபோலத் தெரியும்.

ஆற்றைக் கடக்கும் ஓடக்காரர் எதிர்க்கரைத் துறைக்கு நேராகப் படகின் மூக்கை வைக்க மாட்டார். நீரோட்டம் வரும் பக்கம் சற்று மேலே வைத்துத் துடுப்புப் போடுவார். படகு துறைக்கே போய்ச் சேரும். கிராப் அதுதான்.

ஸ்லிப்பில் உண்மையாகவே பக்கவாட்டு நகர்வு உண்டு. ஒரு இறக்கையைத் தாழ்த்தி, எதிர்ப்பக்க ரட்டரை மிதிக்கிறோம். காற்று விமானத்தின் விலாவில் அடிக்கும், குண்டு தாழ்ந்த இறக்கைப் பக்கம் உருண்டு நிற்கும். உங்கள் 'பக்கவாட்டில் நகர்தல்' ஸ்லிப்புக்குப் பொருந்தும், கிராப்புக்குப் பொருந்தாது.

மொழிமேசை · 14 ஜூன், காலை 10.31

அப்படியானால் 'மூக்கைக் காற்றுப் பக்கம் சாய்த்துப் பறத்தல்' என்று எழுதலாமா?

காற்றுப்பை · 14 ஜூன், காலை 10.40

'சாய்த்து' கூடாது. சாய்வு என்றால் இறக்கை தாழ்வது. அது ஸ்லிப்பின் வேலை. 'திருப்பி' என்று எழுதுங்கள்.

சிமுலேட்டர்காரன் · 14 ஜூன், பகல் 1.22

எத்தனை டிகிரி திருப்புறதுன்னு எண்ணோட சொல்லுங்க. கையேட்டில் ஒரு அட்டவணை போட்டாலே பாதிக் குழப்பம் தீர்ந்திடும்.

காற்றுப்பை · 14 ஜூன், பகல் 2.50

முதலில் காற்றில் எவ்வளவு பங்கு பக்கவாட்டில் வருகிறது என்று பார்க்க வேண்டும். காற்றின் வேகத்தை, ஓடுபாதைக்கும் காற்றுக்கும் இடையிலான கோணத்தின் சைனால் பெருக்கினால் வரும். காற்று 20 நாட் (மணிக்கு 20 கடல் மைல்) என்று வைத்துக்கொண்டால் 30 டிகிரியில் 10, 45-ல் 14, 60-ல் 17, 90-ல் முழு 20.

மனக்கணக்குக்குக் கடிகார முகத்தை வைத்துக்கொள்வது விமானிகள் வழக்கம். 15 டிகிரி என்றால் கால் மணி, அதனால் கால் பங்கு. 30 என்றால் அரைப் பங்கு. 45 என்றால் முக்கால். 60-ம் அதற்கு மேலும் முழுசு. கொஞ்சம் கூடுதலாகக் காட்டும். ஆபத்தில்லாத பக்கம்தான் தவறுகிறது.

அடுத்தது திருப்பும் கோணம். பக்கக் காற்றை 60-ஆல் பெருக்கி, விமானத்தின் உண்மை வேகத்தால் வகுத்தால் டிகிரி கிடைக்கும்.

உதாரணம். சென்னையில் 07 ஓடுபாதை, டவர் காற்று 130 திசையிலிருந்து 15 நாட் என்கிறது. ஓடுபாதை சுமார் 70 டிகிரி நோக்குகிறது, வித்தியாசம் 60, பக்கக் காற்று 13 நாட், வலப்பக்கமிருந்து. 140 நாட் வேகத்தில் வரும் பயணிகள் விமானம் ஐந்தரை டிகிரி வலப்பக்கம் திருப்பினால் போதும். அதே காற்றில் 65 நாட்டில் வரும் செஸ்னா 172 என்ற சின்ன விமானத்துக்குப் பன்னிரண்டு டிகிரி வேண்டும். மெதுவாகப் பறப்பதற்குத்தான் கோணம் பெரிதாகும். சின்ன விமானங்கள் இவ்வளவு கோணலாக வருவது ஏன் என்று கேட்பவர்களுக்கு இதுவே விடை.

வானிலைப்பட்டி · 14 ஜூன், மாலை 4.08

ஒரு திருத்தம் சேர்க்கணும். டவர் வாயால் சொல்லும் காற்றுத் திசை காந்த வடக்கை வைத்து. ஓடுபாதை எண்ணும் காந்த வடக்கை வைத்துத்தான். அதனால் நேரடியாகக் கழிக்கலாம். ஆனால் மெட்டார் என்ற விமான நிலைய வானிலை அறிக்கையில் அச்சாகிற திசை உண்மை வடக்கை வைத்து. சென்னையில் இரண்டுக்கும் வித்தியாசம் மிகச் சிறியது, பொருட்படுத்த வேண்டாம். அலாஸ்காவில் பத்து டிகிரிக்கு மேல் போகும், அங்கே கணக்கு மாறிவிடும். கையேட்டில் அட்டவணை போட்டால் எந்தத் திசை என்று ஒரு வரி எழுதுங்க.

காற்றுப்பை · 14 ஜூன், இரவு 9.15

சரியான சேர்க்கை. காற்று எங்கிருந்து வருகிறது என்பதுதான் எண், எங்கே போகிறது என்பது அல்ல. அந்த வரியும் வேண்டும்.

இனி இறங்கும் முறை. கிராப்பிலேயே சக்கரத்தைத் தரையில் வைத்தால் சக்கரம் ஒரு திசை நோக்கும், விமானம் இன்னொரு திசை ஓடும். டயரும் கால்களும் பக்கச் சுமை வாங்கும். அதனால் தரைக்கு அருகில் மூக்கை ஓடுபாதைக்கு நேராகக் கொண்டுவர வேண்டும். இரண்டு வழி.

ஒன்று, கடைசிக் கட்டம் வரை கிராப், ஃப்ளேரில் (தொடுவதற்குச் சற்று முன் மூக்கைத் தூக்கும் கட்டத்தில்) நேராக்குதல். காற்று வலப்பக்கமிருந்து என்றால் மூக்கு வலப்பக்கம் திரும்பியிருக்கும். இடது ரட்டரை மிதித்து நேராக்குகிறோம். அப்போது வலது இறக்கை முன்னால் வீசப்பட்டு ஒரு கணம் வேகம் கூடும், அதனால் தூக்கல் கூடி எழும்பப் பார்க்கும். காற்று வேறு அதன் அடியில் புகுந்து தூக்கும். ரட்டரோடு சேர்த்தே எய்லரானை (இறக்கையைத் தாழ்த்தி உயர்த்தும் பலகை) வலப்பக்கம் கொடுத்து அந்த இறக்கையை அமுக்க வேண்டும். பழகுபவர்கள் ரட்டரை மிதித்துவிட்டு எய்லரானை மறப்பதுதான் அதிகம்.

சீக்கிரம் நேராக்கினால், சரிக்கட்டல் போய்விட்டதால் விமானம் காற்றோடு இடப்பக்கம் ஒதுங்கத் தொடங்கும். பாதையின் நடுக்கோடு காலடியிலிருந்து நழுவும். தாமதித்தால் கோணலாகவே தட்டும். இடையில் கிடைப்பது ஓரிரு நொடிதான்.

இரண்டாவது, இறக்கை தாழ்த்தும் வழி. கடைசி அணுகலில் கிராப்பிலிருந்து ஸ்லிப்புக்கு மாறுகிறோம். ரட்டரால் மூக்கை நடுக்கோட்டுக்கு நேராக வைத்து, எய்லரானால் காற்றுப் பக்க இறக்கையைத் தாழ்த்தி ஒதுங்கலை நிறுத்துகிறோம். விமானம் காற்றுக்குள் பக்கவாட்டில் சறுக்குகிறது, காற்று அதே அளவு எதிர்ப்பக்கம் தள்ளுகிறது, தரையை வைத்துப் பார்த்தால் பூஜ்யம். காற்றுப் பக்கச் சக்கரம் முதலில் தொடும், பிறகு மற்றது, கடைசியில் மூக்குச் சக்கரம். தொட்டபின் எய்லரானை விட்டுவிடக் கூடாது. வேகம் குறையக் குறைய அதன் பிடி குறையும், அதனால் காற்றுப் பக்கம் மேலும் மேலும் திருப்பி முடிவில் முழுசாகக் கொடுத்து நிறுத்த வேண்டும். இறங்கிய பிறகு விமானம் பாதையை விட்டு வெளியேறுகிற சம்பவங்களில் பல இந்தக் கட்டத்தில் நடக்கின்றன.

காற்று வீச்சு விட்டுவிட்டு வந்தால், வீச்சுக்கும் சராசரிக்கும் உள்ள வித்தியாசத்தில் பாதியை அணுகும் வேகத்தோடு கூட்டுவது வழக்கம். 15 நாட், வீச்சு 25 என்றால் 5 நாட் கூடுதல்.

சிமுலேட்டர்காரன் · 15 ஜூன், காலை 7.30

சிமுலேட்டரில் பழகுறவங்க முதலில் 'ஆட்டோ ரட்டர்' அமைப்பை அணைக்கணும். அது இருக்கும்வரை எய்லரானுக்கும் ரட்டருக்கும் எதிரெதிர்க் கட்டளை கொடுக்கவே முடியாது, ஸ்லிப் வராது, கிராப் மட்டும்தான் வரும். 172-க்கு 15 நாட் பக்கக் காற்று உச்சவரம்புன்னு சொல்றாங்களே, அதுக்கு மேல் போனா விதிமீறலா?

காற்றுப்பை · 15 ஜூன், காலை 8.02

இல்லை. 172-ன் ஒரு ரகமான 172எஸ் கையேட்டில் உள்ள 15 நாட், சோதனையில் 'செய்து காட்டப்பட்ட' அளவு. தடையாக அச்சிடப்பட்ட எல்லை அல்ல. பெரிய விமானங்களுக்கான அமெரிக்கச் சான்றிதழ் விதி 25.237, குறைந்தது 20 நாட் அல்லது ஸ்டால் வேகத்தில் (இறக்கை தூக்கலை இழக்கும் வேகம்) ஐந்தில் ஒரு பங்கு, இதில் எது பெரிதோ அதைக் காட்டச் சொல்கிறது. 25 நாட்டுக்கு மேல் காட்டத் தேவையில்லை. ஆனால் பறக்கும் பள்ளிகளும் நிறுவனங்களும் தங்கள் விமானிகளுக்குத் தனி வரம்பு வைக்கும், அது கட்டாயம். மொழிமேசை, 'செய்து காட்டப்பட்ட' என்ற இரண்டு சொல்லை விட்டுவிடாதீர்கள். எண்ணின் தகுதியே அதில்தான் இருக்கிறது.

மொழிமேசை · 15 ஜூன், காலை 11.44

குறித்துக்கொண்டாயிற்று. பெரிய விமானங்கள் கோணலாகவே தரையைத் தொடும் காணொளிகள் கிடைக்கின்றனவே. ஹாங்காங்கின் பழைய காய் டாக் நிலையத்துப் படங்களில் 747 அப்படித்தான் தெரிகிறது.

காற்றுப்பை · 15 ஜூன், பகல் 12.30

தொடலாம். போயிங் மூன்று வழியையும் ஏற்கிறது: ஃப்ளேரில் நேராக்குவது, இறக்கை தாழ்த்துவது, கிராப்பிலேயே தொடுவது. மிக வழுக்கும் பாதையில் கிராப்பிலேயே தொடுவதற்கு ஒரு நன்மை உண்டு. காற்றடிக்கும் திசையில் ஒதுங்குவது குறையும், இரண்டு பக்கச் சக்கரமும் ஒன்றாகத் தொடுவதால் ஸ்பாய்லரும் (இறக்கைமேல் எழுந்து தூக்கலைக் குறைக்கும் தகடு) பிரேக்கும் உடனே வேலை செய்யும். உலர்ந்த பாதையில் பெரிய கோணத்தோடு தொடுவது நல்லதல்ல, டயர் நன்றாகப் பிடித்து முழுப் பக்கச் சுமையையும் காலில் ஏற்றிவிடும்.

இறக்கையைத் தாழ்த்துவதிலும் பெரிய விமானத்துக்கு வரம்பு உண்டு. இறக்கைக்கு அடியில் தொங்கும் இன்ஜின் உறையோ இறக்கை நுனியோ தரையில் இடிக்கும். 2008 மார்ச் 1 அன்று ஹாம்பர்க்கில் லுஃப்தான்சா ஏ320 ஒன்று புயல் காற்றில் இறங்க முயன்றபோது இடது இறக்கை நுனி ஓடுபாதையில் உரசியது. எழும்பிப் போய் வேறு ஓடுபாதையில் பத்திரமாக இறங்கினார்கள். ஒரு பக்கச் சக்கரம் தொட்டவுடன் கட்டுப்பாட்டுக் கணினி தரைமுறைக்கு மாறி, சாய்வுக் கட்டளையின் பலனைக் குறைத்துவிட்டது என்று விசாரணையில் தெரிந்தது.

காய் டாக் 13 ஓடுபாதை தனிக் கதை. மிகத் தாழ்வான உயரத்தில் சுமார் 47 டிகிரி வலப்பக்கம் திரும்பித்தான் பாதைக்கு நேராக வர முடியும். திருப்பம் முடிவதற்கும் சக்கரம் தொடுவதற்கும் இடையே கொஞ்ச நேரமே கிடைக்கும். நீங்கள் படங்களில் பார்க்கும் கோணலில் ஒரு பகுதி கிராப், ஒரு பகுதி திருப்பத்தின் மிச்சம். 1998 ஜூலையில் மூடிவிட்டார்கள்.

கால்மடக்கி · 15 ஜூன், மாலை 6.20

கோணலாகவே இறங்கட்டும் என்று வடிவமைத்த விமானங்களும் உண்டு. பி-52 குண்டுவீச்சு விமானத்தின் முதன்மைச் சக்கரங்கள் உடம்புக்கு அடியில் முன்னும் பின்னுமாக வரிசையில் நிற்கின்றன. இறக்கையோ மிக நீளம், தாழ்த்த வழியில்லை. அதனால் சக்கரத் தொகுதிகளையே இரு பக்கமும் 20 டிகிரி வரை முன்கூட்டித் திருப்பி வைக்கலாம். மூக்கு காற்றை நோக்கும், சக்கரங்கள் ஓடுபாதையை நோக்கும், அப்படியே ஓடும்.

1937-ல் முதலில் பறந்த எர்க்கூப்புக்கு ரட்டர் பெடலே கிடையாது. ரட்டரை எய்லரானோடு இணைத்துவிட்டார்கள், தனியாக மிதிக்க முடியாது. கிராப்பில்தான் இறங்கியாக வேண்டும். அதற்காகவே பின்னோக்கிச் சாய்ந்த கைகளில் சக்கரங்களைப் பொருத்தி, நல்ல அதிர்வுதாங்கி வைத்தார்கள்.

மூக்குச் சக்கரம் உள்ள எந்த விமானமும் கோணலாகத் தொட்டாலும் தானே நேராகப் பார்க்கும். எடைமையம் முதன்மைச் சக்கரங்களுக்கு முன்னால் இருப்பதுதான் காரணம். சக்கரம் பின்னால் இழுக்க, எடை முன்னால் ஓடும். வால் சக்கர விமானத்தில் எடைமையம் பின்னால் இருக்கிறது. கோணலாகத் தொட்டால் பின்பாரம் முந்தப் பார்த்து விமானத்தைச் சுழற்றிவிடும். அதனால்தான் வால் சக்கர விமானத்தில் நேராக்கல் துளியும் தவறக் கூடாது.

பட்டறை · 15 ஜூன், இரவு 10.11

லாரிக்கும் இதே சொல்தான். பின்னால போறவன் பார்த்தா வண்டி கோணலா ஓடும், ஆனா ரோட்டுல நேராத்தான் போகும். பின் ஹவுசிங் (பின் அச்சு) இடம் மாறி நிக்கிறதுதான் காரணம். பெரும்பாலும் பட்டை (ஸ்பிரிங் பட்டை) சென்டர் போல்ட் கட் ஆயிருக்கும், இல்ல யூ போல்ட் லூஸ். பட்டைக்கு மேல ஹவுசிங் ஒரு பக்கம் நகர்ந்துடும். டிரைவர் ஸ்டியரிங்கை ஒரு பக்கம் பிடிச்சே ஓட்டுவார், டயர் ஒரு ஓரமா தேயும்.

பார்க்கிற விதம்: சமதரையில நிறுத்தி, ஸ்டியரிங்கை நேரா வெச்சு, முன் சக்கர நடுவிலிருந்து பின் சக்கர நடு வரைக்கும் இரண்டு பக்கமும் டேப் பிடிங்க. அளவு வேற வேறயா வந்தா பின்பக்கம் கோணிக்கிச்சுன்னு அர்த்தம். அளவு ஒத்துவந்தும் கோணலா ஓடினா சேஸை மூலைக்கு மூலை குறுக்கே அளக்கணும். இதைப் பார்க்காம முன் வீல் அலைன்மென்ட் மட்டும் செஞ்சா ஸ்டியரிங் நேராகும், கோணல் போகாது. யூ போல்ட்டை மாற்றினா லோடு ஏத்தி ஓட்டினதுக்கப்புறம் ஒரு தடவை இறுக்கணும், பட்டைகள் படிஞ்சு லூஸ் விடும்.

மொழிமேசை · 16 ஜூன், காலை 9.03

லாரியும் விமானமும் ஒரே பொருளுக்குள் வருகின்றன. முகம் ஒரு திசை, போக்கு ஒரு திசை. பக்கவாட்டு என்பது இதற்குள் ஒரு தனிநிலைதான், கோணம் 90 ஆகும்போது. நண்டு முகத்தை முன்னால் வைத்துக்கொண்டு பக்கமாகப் போவதும் அந்த வகையில் சேரும்.

காற்றுப்பை · 16 ஜூன், காலை 9.50

நல்ல வரையறை, ஆனால் ஸ்லிப்பும் உள்ளே நுழைந்துவிடும். ஸ்லிப்பிலும் மூக்கும் காற்றுவழிப் போக்கும் வேறு. ஆகவே 'எதை வைத்துப் பார்த்தால்' என்று சேர்க்க வேண்டும். தரையை வைத்துப் பார்த்தால் மூக்கும் போக்கும் வேறானால் கிராப். காற்றை வைத்துப் பார்த்தால் வேறானால் ஸ்லிப்.

உயரம் குறைக்கப் பயன்படும் முன்நோக்கு ஸ்லிப்பில் இரண்டுமே வேறாகும். அங்கே நோக்கம் கோணமே அல்ல, விலாவைக் காற்றுக்குக் காட்டி இழுவையைக் கூட்டுவது. 1983 ஜூலை 23 அன்று எரிபொருள் தீர்ந்த ஏர் கனடா 143, ஒரு போயிங் 767, மானிட்டோபாவின் கிம்லியில் இறங்கியபோது கேப்டன் பாப் பியர்சன் இதைத்தான் செய்தார். உயரம் அதிகம், இன்ஜின் இல்லை, சுற்றி வர வழியில்லை. எரிபொருளை அளந்தபோது கிலோவுக்குப் பதில் பவுண்டு எண்ணை வைத்துக் கணக்குப் போட்டதுதான் அந்த விபரீதத்தின் வேர்.

172எஸ்-ல் ஃப்ளாப் (இறக்கையின் பின்விளிம்பில் கீழே இறங்கும் பலகை) 20 டிகிரிக்கு மேல் இருக்கும்போது செங்குத்தான ஸ்லிப்பைத் தவிர்க்கச் சொல்கிறது கையேடு. எலிவேட்டர் (மூக்கை ஏற்றி இறக்கும் வால் பலகை) லேசாக அசைந்தாடும் போக்கு உண்டு.

'ஸ்கிட்' மூன்றாவது. திருப்பத்தில் ரட்டரை அதிகமாக மிதித்து வால் வெளியே வீசப்படுவது. குண்டு திருப்பத்தின் வெளிப்பக்கம் போகும். ஓடுபாதைக்குத் திரும்பும் கடைசி வளைவில், குறைந்த வேகத்தில் இது நடந்தால் உள்பக்க இறக்கை முதலில் ஸ்டால் ஆகி விமானம் சுழலில் விழும். மீட்க உயரம் இருக்காது. மூன்று சொல்லுக்கும் மூன்று தனித் தமிழ் வேண்டும் என்று இவ்வளவு வற்புறுத்துவது இதனால்தான். ஸ்லிப், ஸ்கிட் இரண்டையும் 'சறுக்கல்' என்று எழுதிய குறிப்புகள் சுற்றிக்கொண்டிருக்கின்றன. ஒன்று பயிற்சியில் கற்பிக்கும் வித்தை, மற்றது ஆளைக் கொல்லும்.

மொழிமேசை · 16 ஜூன், பகல் 12.15

முடிவாக வைப்பது: கிராப் — 'மூக்கைக் காற்றுப் பக்கம் திருப்பிவைத்துப் பறத்தல்'. கோணத்துக்குக் 'காற்றுத் திருத்தக் கோணம்'. ஸ்லிப் — 'விலாச் சறுக்கு'. ஸ்கிட் — 'வால்வீச்சு'. மூன்றிலும் முதல் இடத்தில் ஆங்கில ஒலிப்பும் சேர்ந்து நிற்கும், ரேடியோவில் அதுதான் காதில் விழும்.

ட்ராலி · 16 ஜூன், மாலை 5.37

படப்பிடிப்பில் கிராப் என்றால் கேமரா முகத்தைத் திருப்பாமல் பக்கமாகப் போவது. நடிகர் நடக்க, கேமரா அவரோடு இணையாக ஓடும். கேமராவை நின்ற இடத்திலேயே திருப்பினால் அது பேன், கிராப் அல்ல. கிராப் செய்யும் ட்ராலியில் நான்கு சக்கரமும் ஒரே திசையில் ஒரே அளவு திரும்பும். பின்சக்கரம் பூட்டிய ட்ராலியில் முயன்றால் வளைந்துதான் போகும், ஃபோகஸ் தூரம் மாறிக்கொண்டே இருக்கும்.

பட்டறை · 16 ஜூன், மாலை 6.02

ஜேசிபி 4சிஎக்ஸ்லயும் அதான். மூணு ஸ்டியரிங் முறை: முன் சக்கரம் மட்டும், நாலும் எதிரெதிர், நாலும் ஒரே பக்கம். மூணாவதுதான் கிராப். சுவரை ஒட்டி வேலை செய்யவும், ஈர மண்ணுல முன் சக்கரத் தடத்துல பின் சக்கரம் விழாம இருக்கவும் உதவும். முறை மாத்துறதுக்கு முன்னால நாலு சக்கரத்தையும் நேராக்கணும். பின் சக்கரம் திரும்பி இருக்கும்போதே மாத்தினா, அந்தக் கோணத்துலயே நின்னுடும், அப்புறம் வண்டி நேரா ஓடாது.

நிலஅளவை · 17 ஜூன், காலை 8.25

வான்வழிப் படத்தில் இந்தச் சொல்லுக்கு இறுக்கமான பொருள் உண்டு, 'ட்ரிஃப்ட்' என்பதோடு சேர்த்துத் தேர்விலும் கேட்பார்கள். காற்று தள்ளி விமானம் திட்டமிட்ட கோட்டை விட்டே விலகினால் ட்ரிஃப்ட். விமானம் மூக்கைத் திருப்பிக் கோட்டைப் பிடித்துக்கொண்டது, ஆனால் கேமராவைத் திருத்தவில்லை என்றால் கிராப். படங்கள் கோட்டின் மேலேயே விழும், ஒவ்வொன்றும் கோணலாக. படத்தின் விளிம்புக்கும் பறப்புக் கோட்டுக்கும் உள்ள கோணமே கிராப் கோணம்.

இதனால் ஒவ்வொரு படமும் பயனுள்ள அகலத்தை இழக்கும். வழக்கமாக முன்னால் 60 சதவீதமும் பக்கத்தில் 30 சதவீதமும் மேற்படிவு (ஒரு படம் அடுத்ததன் மேல் விழும் அளவு) வைப்பார்கள். கோணம் பெரிதாகும்போது பக்க மேற்படிவு மூலைகளில் தேய்ந்து, இரண்டு பட்டைகளுக்கு (ஒரே கோட்டில் எடுத்த பட வரிசைகளுக்கு) நடுவே ஆப்பு வடிவத்தில் வெற்றிடம் விழலாம். ஆள் ஏறும் விமானத்தில் கேமரா மவுன்ட்டை அதே கோணம் எதிர்ப்பக்கம் சுழற்றிச் சரிசெய்வார்கள்.

நிலையான இறக்கை ட்ரோனில் கேமரா உடம்போடு பொருத்தப்பட்டிருக்கும், சுழற்ற முடியாது. வேகமும் குறைவு, ஆகவே கோணம் பெரிது. நொடிக்கு 15 மீட்டரில் பறப்பதற்கு 5 மீட்டர் பக்கக் காற்று வந்தால் கிட்டத்தட்ட 20 டிகிரி. பக்க மேற்படிவை 70-க்கு உயர்த்துங்கள், அல்லது பட்டைகளைக் காற்றின் திசைக்கு இணையாகப் போடுங்கள். இணையாகப் போட்டால் கிராப் போய்விடும். ஆனால் ஒரு பட்டை எதிர்காற்றில் ஊரும், அடுத்தது பின்காற்றில் பறக்கும். கேமராவை நேர இடைவெளியில் சுட வைத்திருந்தால் பின்காற்றுப் பட்டையில் முன் மேற்படிவு குறையும். தூர இடைவெளியில் சுட வையுங்கள்.

சிமுலேட்டர்காரன் · 17 ஜூன், காலை 9.10

நாலு ரோட்டர் ட்ரோனுக்கு?

நிலஅளவை · 17 ஜூன், காலை 9.18

அதற்கு மூக்கு எங்கே நோக்கினாலும் கவலையில்லை. காற்றுப் பக்கம் உடம்பைச் சாய்த்துக் கோட்டைப் பிடிக்கும், சாய்வைக் கேமராவைத் தாங்கும் கிம்பல் சரிசெய்யும். கோட்டின் திசையில் மூக்கைப் பூட்டி வைக்கும் அமைப்பு இருந்தால் அதைப் போட்டுவிடுங்கள், படங்கள் நேராக வரும்.